இன்னர்லெய்தன் எண்டியூரோ: பன்னிரண்டு வாரத்தில் எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. எடின்பரோவில் வேலை. இரண்டு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறீர்கள், 150 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ட்வீட் பள்ளத்தாக்கில், இன்னர்லெய்தனில் ஜூன் மாதம் நடக்கும் ஒருநாள் எண்டியூரோ மவுண்டன் பைக் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். பன்னிரண்டு வாரம் மிச்சம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்க முடியும். அத்தனை ஏற்றமும் ஏறி முடிக்க மூச்சு தாங்குமா என்பது உங்கள் கவலை.

எனக்கும் முதல் தடவை அதே கவலைதான். மூன்று மாதம் ஏற்றமாகப் பார்த்து ஏறினேன். போட்டியன்று மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது ஸ்டேஜ் (நேரம் கணக்கிடும் இறக்கத்துக்கு அப்படிப் பெயர்) முடிந்து கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனால், தாடைக்குக் கீழே இருக்கிற கொக்கியை அழுத்த விரலில் பலம் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, குழந்தைக்குக் கழற்றுவது போலக் கழற்றிவிட்டார். அந்த ஸ்டேஜில் மட்டும் இரண்டு முறை விழுந்திருந்தேன். இரண்டு முறையும் ஒரே காரணம்: பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தில் விரல் பிடிக்கவில்லை.

அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே கடைசி ஸ்டேஜை மனதில் வைத்துத்தான். முதல் ஸ்டேஜை யார் வேண்டுமானாலும் நன்றாக ஓட்டலாம்.

போட்டி அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் இரண்டு வரி. ஏறுவதற்கு நேரம் எடுக்க மாட்டார்கள்; ஒவ்வொரு ஸ்டேஜ் வாசலுக்கும் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இறங்குவதற்கு மட்டும் கடிகாரம் ஓடும். எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவர் ஜெயிப்பார். இந்த மாதிரிப் போட்டிகளில் வழக்கமாக ஐந்தாறு ஸ்டேஜ் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து எட்டு நிமிடம். ஆக அரை மணி நேரப் பந்தயத்துக்காக ஆறேழு மணி நேரம் சேற்றில் கிடக்கிறோம். வீட்டில் இதை விளக்கிச் சொல்லி யாரையும் சம்மதிக்கவைக்க முடியாது, முயற்சி செய்யாதீர்கள்.

இன்னர்லெய்தன் சாதாரண இடம் இல்லை. எண்டியூரோவின் உலகத் தொடரான எண்டியூரோ வேர்ல்ட் சீரீஸ் 2013-ல் தொடங்கியது. அடுத்த வருடமே, 2014-ல், ட்வீட் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. ஊருக்கு மேலே, கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டை எல்லோரும் கோல்ஃபி என்பார்கள். ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருக்கமாக நிற்பதால் உள்ளே நடுப்பகலிலும் மங்கல். தரை கறுப்பாக, மெத்தென்று இருக்கும். அதைச் சக்கரங்கள் அரித்து அரித்து வேர்களை வெளியே கொண்டுவந்திருக்கும். மழை பெய்தால் அந்த வேர்கள் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். பாதை பல இடங்களில் நேராகக் கீழே விழுகிறது. அதாவது, பிரேக்கில் கை வைத்தபடியே நிமிடக்கணக்கில் இறங்க வேண்டிய மலை. பீபிள்ஸ் பக்கம் இருக்கிற க்ளென்ட்ரெஸின் வழக்கமான பாதைகளில் மட்டும் ஓட்டிப் பழகினவர்களுக்கு இது வேறு விளையாட்டாகவே தெரியும்.

சரி, கை ஏன் விட்டுப்போகிறது? முன்கையின் தசைகளைச் சுற்றி விரிந்துகொடுக்காத உறை ஒன்று உண்டு. நீங்கள் ஹேண்டில்பாரையும் பிரேக் லீவரையும் விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது தசை வீங்குகிறது, உறை இடம் தருவதில்லை, ரத்தம் போய்வருவது தடைபடுகிறது. முன்கை கட்டைபோல ஆகிவிடும். ஓட்டுகிறவர்கள் ஆர்ம் பம்ப் என்பார்கள். பிடியைத் தளர்த்தினால் ஒரு சில நொடியில் ரத்தம் திரும்புகிறது. அந்தச் சில நொடிகளைப் பாதையில் எங்கே சம்பாதிப்பது என்பதுதான் வித்தை.

உடல் பலத்துக்கு முன்னால் சைக்கிளில் இருக்கிற பிரேக்கைச் சரிசெய்யுங்கள், செலவும் குறைவு. ஒரு கணக்கு சொல்கிறேன். நீங்கள், உடை, பை, சைக்கிள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டேஜ் 250 மீட்டர் இறங்குகிறது. கீழே வந்து நிற்கும்போது சுமார் 245 கிலோஜூல் சக்தி எங்கேயோ போயிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அந்தச் சக்தியில் சூடேற்றினால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்கும். நாலைந்து டம்ளர் டீ போடலாம். டயர், காற்று, ஷாக் எல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதிப் பெரும் பங்கும் உங்கள் இரண்டு டிஸ்க்கில்தான் சூடாக இறங்குகிறது. அதனால் ரோட்டார், அதாவது அந்த டிஸ்க், முன்னாலும் பின்னாலும் 200 மி.மீ. இருக்கட்டும். உங்கள் ஃபிரேம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பெரிய ரோட்டார் என்றால் அதே வேகத்தைக் குறைக்க விரல் குறைவாக அழுத்தினால் போதும். ஐந்தாவது ஸ்டேஜில் அந்த வித்தியாசம் தெரியும்.

லீவர் விஷயம் சில்லறை மாதிரித் தோன்றும், ஆனால் அரை நாள் செலவழிக்கத் தகுந்தது. லீவரின் நுனி வளைவில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் உட்கார வேண்டும். அதற்கு ஏற்றபடி கவ்வியைக் கைப்பிடியிலிருந்து உள்பக்கம் நகர்த்துங்கள். நடு லீவரில் பிடித்தால் இரட்டிப்பு உழைப்பு. அப்புறம், கடையில் மாட்டித் தரும்போது லீவர் பெரும்பாலும் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். செங்குத்தான பாதையில் உங்கள் மணிக்கட்டு பின்னுக்கு இருக்கும், அதனால் லீவரைக் கொஞ்சம் மேலே தூக்கி, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வையுங்கள். உள்ளங்கை பாரில் அழுந்தி நிற்கும், விரல்கள் தொங்க வேண்டியதில்லை. விரல் சின்னதென்றால் லீவரை அருகில் கொண்டுவரும் திருகைத் திருப்புங்கள். இதையெல்லாம் கராஜில் ஒரேயடியாக முடிவுசெய்ய முடியாது. ஆலன் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒரே இறக்கத்தை நாலு முறை இறங்குங்கள்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் பற்றி என் சொந்த அவமானம் ஒன்று. ஒரு மழை நாள் போட்டி. காலையில் பார்த்தபோது பின் பேடில் பாதி இருந்தது, "இன்றைக்குத் தாங்கும்" என்று விட்டுவிட்டேன். ரெசின் பேட். மூன்றாவது ஸ்டேஜ் பாதியில் சத்தம் மாறியது. முதலில் மணலை அரைப்பது போல, அப்புறம் கீச்சென்று இரும்போடு இரும்பு. லீவர் கைப்பிடியைத் தொட்டது. பின்னால் பிரேக்கே இல்லை. ஓரமாக இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்தேன். முப்பது நாற்பது பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். குற்றம் முழுக்க என்னுடையது. ஸ்காட்லாந்தின் ஈர மண்ணில் இருக்கிற பொடிமணல் ரெசின் பேடை ஒரே நாளில் தின்றுவிடும். உலோகத் துகள் கலந்த சின்டர்டு பேட் போடுங்கள், கொஞ்சம் சத்தம் போடும், பரவாயில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் புதிது மாட்டி, நல்ல வேகத்திலிருந்து இருபது தடவை மெல்ல மெல்லக் குறைத்துப் படியவையுங்கள். பையில் ஒரு ஜோடி கூடுதலாக. பிரேக் எண்ணெய் மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தால் பிளீட் செய்துவிடுங்கள், அதாவது பழைய எண்ணெயையும் உள்ளே இருக்கிற காற்றையும் வெளியேற்றிப் புதிது ஊற்றுங்கள். கடையில் கொடுக்காமல் நீங்களே செய்வதானால் உங்கள் பிரேக் கேட்கிற எண்ணெய் எதுவென்று பாருங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் உப்பி வீணாகும்.

இனி உடம்பு. எட்டு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். சனிக்கிழமை நாலு மணி நேரம் ஒரே நீண்ட ஓட்டம், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில். ஏற்றத்தில் யாரையும் துரத்தாதீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அன்றைக்கு இறங்கப்போகிற பாதைகளில் கஷ்டமானதைக் கடைசிக்கு வையுங்கள். எல்லோரும் தெம்பாக இருக்கும்போது கஷ்டமானதை இறங்கிவிட்டு, களைத்தபின் சுலபமானதில் வீட்டுக்குப் போவார்கள். போட்டி அந்த வசதியைத் தராது. களைத்த கையோடு செங்குத்தில் இறங்கும்போது உங்கள் பழக்கங்களில் எது முதலில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு முதலில் உடைவது பார்வை. சோர்ந்ததும் முன்சக்கரத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். உங்களுக்கு முழங்கை மடங்காமல் விறைக்கலாம், இல்லை பின்னுக்குச் சாய்ந்து முன்சக்கரத்தின் பிடியை விடலாம். தெரிந்துகொண்டால் திருத்தலாம். இந்த ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். களைத்தபின் விழுவது அதிகம், காட்டுக்குள் ஃபோன் சிக்னலை நம்ப முடியாது.

செவ்வாய் ஒரு மணி நேரம், முழு மூச்சுப் பயிற்சி: நாலு நிமிடம் கடுமையாக, நாலு நிமிடம் ஓய்வாக, நாலு தடவை. ஸ்டேஜ் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் நாலு. ஞாயிறு இரண்டு மணி நேரம் வித்தைக்கு. மிச்சம் ஒரு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்து எடை தூக்குங்கள். டெட்லிஃப்ட், ரோயிங், புஷ்-அப். இவற்றோடு கைக்கு என்று இரண்டு: கம்பியில் தொங்குவது, இரண்டு கையிலும் கனமான எடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஜிம் இல்லையென்றால் இரண்டு பெரிய தண்ணீர்க் கேன் போதும். நம் ஊர்த் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வந்த பாட்டிகள் யாருக்கும் ஆர்ம் பம்ப் வந்திருக்காது. நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கடைசிப் பத்து நாளில் புதிதாக எந்தப் பலமும் வராது, களைப்புதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வித்தை என்று சொன்னேனே, அதில்தான் அந்தச் சில நொடிகளைச் சம்பாதிக்கக் கற்றுக்கொள்கிறோம். பயந்தவர்கள் பிரேக்கை இழுத்துக்கொண்டே இறங்குவார்கள்: மெல்ல, ஆனால் விடாமல். கை ஓய்வதே இல்லை, சக்கரத்துக்கும் பிடிப்பு இல்லை. அதற்குப் பதில், தரை நன்றாக இருக்கிற இடத்தில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர் வரும் இடத்தில் விட்டுவிட வேண்டும். உருளும் சக்கரம் வேரைத் தாண்டும்; பூட்டிய சக்கரம் வேரோடு பக்கவாட்டில் வழுக்கும். ஈர வேரை எவ்வளவு நேர்க்கோணத்தில் கடக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஒரு இறக்கத்தை எடுத்துக்கொண்டு, எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று மூன்று இடங்களை நிச்சயித்து, வேகத்தைப் பற்றி யோசிக்காமல் பத்து முறை இறங்குங்கள். ஆரம்பத்தில் விரலை எடுக்கவே மனம் வராது. நாலைந்து ஞாயிறு ஆகும்.

வாய்ப்பு உள்ளபோதெல்லாம் இந்தப் பயிற்சியை அந்தக் காட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 2003-ம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு சைக்கிளில் போக எல்லோருக்கும் உரிமை தருகிறது, ஆகவே பாதையில் ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மரம் வெட்டும் வேலைக்காக மூடியிருந்தால் மட்டும் உள்ளே போகாதீர்கள். கோடையில் காட்டை விட்டு வந்ததும் கால், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லைம் நோய் வருவது அதனால்தான்.

டயர் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதில் எல்லோரும் எல்லோருக்கும் அறிவுரை சொல்வார்கள். கனமான உறையுள்ள டயர் போடுங்கள். மெல்லிய டயரின் எடை மிச்சம் ஏற்றத்தில் இனிக்கும், ஒரு பஞ்சரில் எல்லாம் போகும். ஈரம் என்றால் முன்னால் உயரமான குமிழ்கள் தள்ளித் தள்ளி இருக்கிற சேற்று டயர், மேக்ஸிஸ் ஷார்ட்டி மாதிரி. காய்ந்திருந்தால் அஸெகாய். டியூப்லெஸ், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் புதிதாக. 75 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கி, ரிம் கல்லில் இடித்தால் ஒன்று ஏற்றுங்கள். அளக்க ஒரே கேஜ் பயன்படுத்துங்கள். இரண்டு பம்புகள் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை.

சஸ்பென்ஷனில் பின்னால் 30 சதவீத சாக் (நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அமுங்கும் அளவு) வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். ஒன்று மட்டும்: ரீபவுண்ட், அதாவது அமுங்கினது திரும்ப எழுவது, ரொம்ப மெதுவாக இருந்தால் அடுத்தடுத்த வேர்களில் முன் ஃபோர்க் எழ நேரமில்லாமல் அமுங்கியே போகும். அந்த அதிர்ச்சி எல்லாம் கைக்குத்தான் வரும்.

பெடல் பற்றியும் கேட்டிருந்தீர்கள், இப்போதுள்ள தட்டையான ஃப்ளாட் பெடலை விட்டு ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வாங்கவேண்டுமா என்று. வேண்டாம். சாம் ஹில் 2017, 2018, 2019 மூன்று வருடமும் எண்டியூரோ வேர்ல்ட் சீரீஸ் பட்டத்தை ஃப்ளாட் பெடலில்தான் வாங்கினார். பழகினதை மாற்ற பன்னிரண்டு வாரம் போதாது.

பயிற்சி நாள். பெரும்பாலும் முந்தைய நாள் ஸ்டேஜ்களை ஓட்டிப் பார்க்க விடுவார்கள். இங்கேதான் பலர் போட்டியைத் தோற்கிறார்கள். எல்லா ஸ்டேஜையும் இரண்டிரண்டு முறை ஓட்டி, மறுநாள் காலையிலேயே கை வலியோடு வருவார்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறை, நின்று நின்று இறங்குங்கள். ஒரு ஸ்டேஜுக்கு நாலு விஷயத்துக்கு மேல் மனதில் நிற்காது. அந்த நாலும் விழக்கூடிய இடங்களாக இருக்கட்டும். நான் வெள்ளை டேப்பை ஃபிரேமின் மேல் குழாயில் ஒட்டி எழுதிவைப்பேன்: "இரண்டாம் ஸ்டேஜ்: விழுந்த மரம் தாண்டி இடது உள்பக்கம். பள்ளத்துக்கு முன்னாலேயே பிடி. கடைசியில் ஏற்றம், கியர் மாற்று." தமிழில் எழுதினால் ஒரு லாபம், பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது. கை எங்கே ஓய்வெடுக்கும் என்றும் ஒரு இடம் குறியுங்கள். பெரும்பாலான ஸ்டேஜில் பத்து மீட்டர் நேர்ப்பாதை ஒன்றாவது இருக்கும். அங்கே பெடல் போடத்தான் மனம் துடிக்கும். நீங்கள் அங்கே விரலைத் தளர்த்துங்கள்.

போட்டியன்று தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை, சதவீதத்தை அளப்பதற்கு யாரிடமும் மீட்டர் இல்லை. நான் பார்ப்பது மூச்சை. ஸ்டேஜ் நடுவில் மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் என் அளவைத் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம். ஒரு விழுகைக்கு, எழுந்து, ஹேண்டில்பாரை நேராக்கி, மறுபடி வேகம் பிடிக்கக் குறைந்தது பதினைந்து இருபது நொடி. நீங்கள் துணிந்து ஓட்டி ஒரு ஸ்டேஜில் மிச்சம் பிடிக்கக்கூடியது அதைவிடக் குறைவு. ட்ரேஸி மோஸ்லி 2010-ல் டவுன்ஹில் (இறக்கம் மட்டும் ஓட்டும் பந்தயம்) உலக சாம்பியன். வேகம் இல்லாதவர் இல்லை. எண்டியூரோவுக்கு வந்து 2013-லிருந்து தொடர்ந்து மூன்று வருடம் வேர்ல்ட் சீரீஸ் பட்டத்தை வாங்கினார். ஒரு பருவம் முழுக்கப் புள்ளி சேர்ந்தால்தான் அந்தப் பட்டம். ஒரே ஒரு ஸ்டேஜில் பறந்து வாங்க முடியாது.

பின்னால் ஒருவர் நெருங்கிவிட்டால் பதறாமல், பாதை அகலமான இடம் வந்ததும் வழி விடுங்கள். விழுந்து எழாமல் யாராவது கிடந்தால் நின்று பாருங்கள். உதவி கூப்பிட விசில் இருக்கட்டும்: பிரிட்டிஷ் மலைகளில் ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

சாப்பாடு: மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டர் தண்ணீர், பசி எடுக்கும் முன்பே. இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு கடலைமிட்டாயும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில் வரும். கடலைமிட்டாயை ஸ்டேஜ் வாசலில் கடிக்காதீர்கள், மூன்றாவது வளைவில் புரையேறும், அனுபவம். கண்ணாடியை ஏறும்போது ஹெல்மெட்டில் ஏற்றி வைத்தால் நெற்றி ஆவியில் மங்கிவிடும், பைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உலர்ந்த கையுறை ஒரு ஜோடி, கடைசி ஸ்டேஜுக்கு என்று. பையில் டியூப், டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், பம்ப், செயின் இணைப்பு, பின் கியர் மாற்றியைத் தாங்கும் டெரெய்லர் ஹேங்கர். ஹேங்கர் உங்கள் ஃபிரேமுக்கு உரியதுதானா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

மேலே ஏறும்போது கை வேலை செய்யாது என்று நினைக்காதீர்கள். ஏற்றத்திலும் பாரை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. விரல்களை விரித்து, உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஏறுங்கள். நேரம் இருந்தால் செங்குத்தில் இறங்கித் தள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களும் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள்.

கடைசி ஸ்டேஜ் வாசலில் நான் இப்போதெல்லாம் ஒன்று செய்கிறேன். வரிசையில் நிற்கும்போது ஹெல்மெட் கொக்கியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பேன். விரல் சட்டென்று அழுத்தினால் என் முறைக்குக் காத்திருப்பேன். தடுமாறினால், புறப்பட வேண்டிய நேரம் தாண்டாத வரை, பின்னால் நிற்கிற இரண்டு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டு நிற்பேன்.